வலது காதில் மட்டும் கேட்ட குரல்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம், காரைக்குடியில் நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட நான் செய்தது என்று சொல்வதுதான் சரி.

நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மரவேலை, எனக்கு மட்டும் பென்சில். வேலைக்காக எட்டு வருடம் புனேயில் இருந்தபோது, அறைத் தோழன் ஒருவனால் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை எனக்குப் பழக்கமானது. ஒரு கிடார், ஒரு குரல், வாழ்க்கையில் பட்ட அடி எல்லாம் அதில் இருக்கும். பாடுகிறவர் ஒரு வரி பாடுவார், கிடார் அதற்குப் பதில் சொல்லும். அதையே பிறகு வந்தவர்கள் டிரம்ஸும் மின்சாரக் கிடாருமாகச் சத்தத்தைக் கூட்டி வாசித்தார்கள், அது ப்ளூஸ் ராக். என் மனைவி இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர் 'கரண்டில் ஓடுற ஒப்பாரி'. அவள் அடுப்படியில் இருக்கும்போது நான் இயர்போனை எடுத்தாலே கதவைச் சாத்திவிடுவாள்.

கேட்பதோடு நின்றிருந்தால் வம்பில்லை. எனக்கு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். தேவகோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர் என்றால் அவருக்கு பஸ் இரைச்சலையும் மிஞ்சும் மேடைக் கச்சேரி ஆல்பம். சினிமாப் பாட்டில் ஊறியவர் என்றால் முதலில் ப்ளூஸ் ராக்கில் இறக்கி, சத்தம் பழகியபின் ஒற்றைக் கிடார் கிழவர்களிடம் கூட்டிப்போவேன். நான் சொன்ன ஆல்பம் ஒருவருக்குப் பிடித்துவிட்டால், நானே வாசித்தது போல ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவேன். பிடிக்கவில்லை என்றால் அவருக்குக் காது சரியில்லை என்பேன். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தப் பைத்தியம் முற்றி ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். ஏழு பேர். எல்லோரும் காரைக்குடியைச் சுற்றி இருப்பவர்கள்தான். ஒரு வங்கி ஊழியர், கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, இன்னும் மூன்று பேர், பிறகு நானும் என் பள்ளித் தோழனும். அவனை நான் கட்டாயப்படுத்தித்தான் சேர்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் கானாடுகாத்தானில் ஒரு பழைய மாளிகையை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அது மாதிரி ஓரிடத்தில் விருந்தினர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் வேலையில் இருந்தான். கூட்டத்தில் யார் எந்த மூலையிலிருந்து என்ன கேட்டாலும் திரும்பிப் பதில் சொல்வான். வெளிநாட்டுக்காரர்கள் அவனை விடவே மாட்டார்கள். ப்ளூஸ் மேல் அவனுக்குப் பெரிய மோகம் எல்லாம் கிடையாது. நான் சொல்கிறேனே என்றுதான் கேட்டான்.

குழுவுக்குச் சட்டம் வகுத்தது நான். வாரத்துக்கு ஒரு ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில், இயர்போனில் கேட்க வேண்டும். கேட்டதைச் சொந்த வார்த்தையில் ஐந்தாறு வரி எழுத வேண்டும். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, சனிக்கிழமை மாலைக்குள் எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை எல்லாவற்றையும் நான் குழுவில் போடுவேன், என் தீர்ப்போடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விடைத்தாள் கொடுப்பது போலத்தான் இருக்கும். அந்தக் காலைக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஆரம்பித்த இரண்டாம் மாதம் என் தோழன் ஒரு தவறு செய்தான். ஓட்டலில் கூட்டம், கேட்க நேரமில்லை. இணையத்தில் எதையோ பார்த்து, பியானோ பிரமாதம் என்று எழுதி அனுப்பினான். அந்த ஆல்பத்தில் பியானோவே கிடையாது. பிடித்துவிட்டேன். அன்றைக்கு அவனும் சேர்ந்துதான் சிரித்தான். ஆனால் அந்த நாளிலிருந்து எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். யார் நிஜமாகக் கேட்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த ஆடி மாத ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. தேடிக் கேட்பீர்கள், வேண்டாம். இரண்டே பேர் சேர்ந்து செய்த பழைய ஆல்பம் அது. ஒருவர் பாட, ஒருவர் கிடார். இடது வலது என்று ஒலியைப் பிரித்துப் பதிவு செய்யும் முறை புதிதாக வந்த காலம். அந்த ஆசையில் குரலை முழுக்க வலப்பக்கமும், கிடாரை முழுக்க இடப்பக்கமும் தள்ளிவிட்டார்கள். இயர்போன் மாட்டினால் ஒரு காதில் மனிதர், ஒரு காதில் கிடார். கேட்ட எவரும் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதாதவர் கேட்காதவர், அதுதான் என் கணக்கு. எலிப்பொறி வைத்துவிட்டு மறைந்து நிற்பவன் போல எனக்கு ஒரே குஷி.

சனிக்கிழமை மாலை தோழனிடமிருந்து வந்தது. அவன் எழுதியது இன்றும் என் போனில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

"மாப்ள, ரெண்டு நாளா ஒரு பக்கம் காது அடைச்சாப்ல இருக்கு. புதன்கெழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சேன், தண்ணி போயிருச்சு போல. இருந்தாலும் முழுசாக் கேட்டுட்டேன். அட்டையில ரெண்டு பேரு நிக்கிறாக, ஆனா ஒருத்தர்தான் வேலை பாக்குறாரு. பாடுற ஆளு எப்ப வாயத் தொறப்பாருன்னு கடைசி வரைக்கும் பாத்தேன், தொறக்கவே இல்ல. கிடார்க்காரரு விட்டு விட்டு வாசிக்கிறாரு. யாரோ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி இருக்கு. கேள்வி என்னன்னுதான் தெரியல."

படித்ததும் எனக்கு வந்தது சிரிப்பு. மாட்டினான் என்றுதான் நினைத்தேன். பத்துப் பாட்டிலும் தொண்டை கிழியப் பாடுகிற மனிதரை வாயே திறக்கவில்லை என்கிறானே! அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை விடுகிறான். போதாததற்குக் காது அடைப்பு என்று ஒரு சாக்கு.

ஞாயிறு காலை மற்றவர்கள் எழுதியதைப் போடுவதற்கு முன்னால் இவனுடையதை மட்டும் தனியாகப் போட்டேன். கீழே என் தீர்ப்பு: "நண்பர் இந்த வாரம் அட்டையைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் குரல் மட்டும் வெளியே நின்றுவிடுமாம், கிடார் மட்டும் உள்ளே போகுமாம். இப்படி ஒரு வடிகட்டி எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்."

நல்ல வசனம் எழுதிவிட்டதாக எனக்குத் திருப்தி. வங்கிக்காரர் டீ வடிகட்டிப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார். இன்னொருவர் அடுத்த வாரம் நல்லெண்ணெயா விளக்கெண்ணெயா என்று கேட்டார். வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். பதினொரு மணி சுமாருக்கு என் தோழன் குழுவிலிருந்து வெளியேறியதாக வந்தது. ரோஷத்தைப் பாரு என்று மனைவியிடம்கூடச் சொன்னேன்.

அவன் போன பிறகுதான் மற்றவற்றைப் போட்டேன். நூலக அம்மா எழுதியிருந்தார்: "குரல் முழுவதும் வலது காதில், கிடார் முழுவதும் இடது காதில். ஒருவர் கேள்வி கேட்கிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார்." அருமை, இந்த வாரத்தின் சிறந்த கருத்து என்று எழுதினேன். இரண்டையும் என் கையால்தான் போட்டேன், அரை மணி இடைவெளியில். பொறி எது என்று தெரிந்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் நான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவன் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவனாக வரட்டும் என்று இருந்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் இதற்குக் கோபித்துக்கொள்வானா என்ற எரிச்சல் வேறு.

ஐந்து வாரம் கழித்து ஒரு கிருத்திகையன்று குன்றக்குடிக்குப் போயிருந்தேன். மலை அடிவாரத்தில் செருப்பு விடும் இடத்தில் அவனும் அவன் மனைவியும் நின்றார்கள். எனக்கும் அவனுக்கும் பத்தடி இருக்கும். "மாப்ள" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக "டேய் மாப்ள" என்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள், இவன் அசையவில்லை. அவ்வளவு வீம்பா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் மனைவிதான் என்னைப் பார்த்து, அவன் இடது தோளைத் தொட்டு, "அண்ணே கூப்புடுறாக" என்றது. அவன் இடப்பக்கம் திரும்பித் தேடினான். பின்னால் திரும்பினான். ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்த பிறகுதான் அவன் கண்ணில் நான் பட்டேன். அந்த முகத்தில் கோபம் இல்லை. திருவிழாவில் கை நழுவிய பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தான்.

"வா" என்றான். அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தான்.

அவன் மனைவி என் பக்கம் வந்தது. "அண்ணே, தப்பா நெனைக்காதீக. அங்குட்டு நின்னு கூப்பிட்டா இந்தச் சத்தத்துல அவுகளுக்குக் கேக்காது. வலது காது போயிருச்சு."

"போயிருச்சுன்னா?"

"சுத்தமா இல்ல. இடது காது மட்டுந்தான். அதுனால கூப்புடுறது இங்குட்டா அங்குட்டான்னு பிடிபட மாட்டேங்குது."

எப்போது என்று கேட்டேன். அது சொன்னதை நான் மறக்க விரும்பினாலும் மறக்க முடியாது.

"ஆடியில ஒரு வியாழக்கெழமை எந்திரிக்கையிலயே காது அடைச்சிருக்குன்னாக. உள்ள ஙொய்ன்னு சத்தம் வேற. நான்தான் பயந்துபோயி, ஞாயித்துக்கெழமை மதுரைக்குப் போயிக் காட்டிட்டு வந்துருவோம்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டர்ட்ட பேசியும் வச்சிருந்தேன். சரின்னுதான் சொன்னாக. சட்டையெல்லாம் மாட்டியாச்சு. கெளம்புறப்ப போனைப் பாத்தாக, மூஞ்சி ஒரு மாதிரி ஆகிப்போச்சு. 'காது அடைச்சதுக்கெல்லாம் மதுரைக்குப் போனா ஊர் சிரிக்கும்'னுட்டு சட்டையக் கழட்டிப் போட்டுட்டாக. அதுக்கப்புறம் காதுன்னு பேச்செடுத்தாலே வள்ளுன்னு விழுந்தாக. நாலு வாரம் ஓடிப்போச்சுண்ணே. ஒரு நா ரோட்டத் தாண்டையில லாரி வந்தது தெரியாம நின்னுருக்காக, யாரோ சட்டையப் பிடிச்சு இழுத்துருக்காக. அப்பறம்தான் அழுது கூட்டிட்டுப் போனேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இது அடைப்பு இல்லையாம், உள்ள நரம்பு செத்துப்போறதாம். மொத ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்து மீட்டுப் பாத்துருக்கலாம், இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னாரு. ஏன் இத்தன நாளு வரலன்னு என்னத்தான் திட்டுனாரு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்குப் போன்ல என்னத்தப் பாத்தாகளோ, சொல்லவே மாட்டேங்குறாக. நீங்களாச்சும் கேட்டுப் பாருங்கண்ணே" என்றது.

என்னிடம்தான் அப்படிக் கேட்டது. நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? மலை ஏறவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் அந்த ஆல்பத்தை எடுத்தேன். வலது இயர்போனைக் காதில் வைக்கவில்லை, இடதை மட்டும் வைத்துக் கேட்டேன். கிடார். கொஞ்சம் வாசித்துவிட்டு நிற்கிறது. ஒரு நாலைந்து வினாடி ஒன்றுமே இல்லை. மறுபடி வாசிக்கிறது. நிற்கிறது. பாடுகிற ஆள் எங்கேயுமே இல்லை. நூறு தடவைக்கு மேல் நான் கேட்டிருந்த பாட்டுகள், ஒன்றிலாவது அவர் வாய் திறக்கிறாரா என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். என் தோழன் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த வாரம் ஏழு பேரில் மிகவும் கவனமாகக் கேட்டவன் அவன்தான்.

காது அடைத்திருக்கிறது, குரல் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒரு டாக்டர் கேட்டிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்காது. குரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலையே அவன் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'டேய், வலது காதே கேக்கலையாடா, உடனே ஓடு' என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். நான் வடிகட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். கிளம்பி நின்றவனின் சட்டையைக் கழற்ற வைத்ததும் நான்தான்.

அவனிடம் போய்ச் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆனது. ஒருமுறை கானாடுகாத்தானுக்குப் பிரியும் விலக்கு ரோடு வரை போய்விட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். தைரியசாலி என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான்.

போனபோது அவன் ஓட்டலின் பின்பக்கம், இரண்டாம் கட்டு முற்றத்தில் இருந்தான். விருந்தினர்களோடு இல்லை. பக்கத்தில் முட்டைக்கோசு மூட்டையும் அரிசிப் பையும். சுற்றிக்காட்டும் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், இவனைச் சமையலறைச் சாமான்கள் வரவைப் பார்க்க வைத்துவிட்டார்கள். வலப்பக்கமிருந்து யாரோ கேட்ட கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லாமல் நடந்திருக்கிறான், மரியாதை இல்லை என்று விருந்தினர்கள் புகார் எழுதிவிட்டார்களாம். இதை அவன் சாதாரணமாகச் சொன்னான்.

நான் போய் உட்கார்ந்த இடம் தப்பு. "இங்குட்டு வந்து உக்காரு, அந்தப் பக்கம் பேசுனா கேக்காது" என்றான். எழுந்து இடப்பக்கம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறி வைத்தது, குரல் வலப்பக்கம் இருந்தது, ஒற்றைக் காதில் கேட்டுப் பார்த்தது எல்லாம். இடது காதை என் பக்கம் கொடுக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். அதனால் சொல்லி முடிக்கும்வரை அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

முடித்த பிறகு என் பக்கம் திரும்பினான். அழுதான் என்றோ கத்தினான் என்றோ எழுத முடிந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

"நான் பொய் சொல்றேன்னு நெனச்ச. அதக்கூட தப்புன்னு சொல்ல மாட்டேன், முன்னால ஒரு தடவ சொல்லியிருக்கேன். ஆனா காது அடைச்சிருக்குன்னு மொத வரியிலயே எழுதியிருந்தேன்லடா. அதுக்கு என்னடா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

மன்னித்துவிடு என்றேன்.

"இப்ப வந்து சொல்லிட்ட. ஒனக்குப் பாரம் எறங்கிரும். நான் எங்க போயி எறக்குறது?" என்றான். பிறகு, மூட்டையைப் புரட்டிக் கோசுகளைப் பார்த்தபடி, "எம் பொஞ்சாதிகிட்ட இதச் சொல்லாத. ஒன்ன அண்ணன் அண்ணன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது" என்றான்.

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். முன்கட்டுப் பக்கம் எழுந்து போகப் போனான். நான்தான் கையைப் பிடித்து, சமையற்கட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று காட்டினேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனான்.

குழுவைக் கலைத்துவிட்டேன். என்ன நடந்தது என்று மற்ற ஐந்து பேருக்கும் எழுதினேன். டீ வடிகட்டிப் படம் போட்ட வங்கிக்காரர் மட்டும் போன் செய்து, அந்தப் படத்தை அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வைத்தார். தோழனோடு பேச்சு நிற்கவில்லை. பொங்கலுக்குப் போகிறேன், கல்யாணங்களில் பார்க்கிறோம். அவன் மனைவி இன்றைக்கும் அண்ணே என்றுதான் அழைக்கிறது, சாப்பாடு போடுகிறது. இசையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காதில் அந்த ஙொய்ன்ற சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறதாம், நிற்கவே இல்லையாம்.

நான் ப்ளூஸ் கேட்பதை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். கேட்கிறேன், யாராவது கேட்டால் ஆல்பமும் சொல்கிறேன். பிடிக்கவில்லை, புரியவில்லை, ஏதோ குறைகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் உடனே போன் செய்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரிக்கிறேன். முன்பைவிட மாறிவிட்டீர்கள், தன்மையாகப் பேசுகிறீர்கள் என்று நாலு பேர் சொல்லவும் செய்கிறார்கள். எனக்கு இந்தத் தன்மை வருவதற்கு அவன் காது போக வேண்டியிருந்தது என்பதால், இதை நான் கற்றுக்கொண்ட பாடம் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.